கேள்வியும் கேண்மையும்

தமிழில் 'கேள்' என்று ஒரு சிறு சொல் உண்டு. ஓர் ஐயத்தை ஒருவரிடம் வினவு என்பது அதன் ஒரு பொருள். ஒருவர் சொல்வதைச் செவியில் வாங்கு என்பது மற்றொரு பொருள். பழைய இலக்கியங்களில் அச்சொல்லுக்கு உறவினர், நண்பர் என்ற பொருளும் உண்டு. நண்பரைக் 'கேளிர்' என்றும், நட்பைக் 'கேண்மை' என்றும் நம் முன்னோர் வழங்கினர். வினவுதலும், செவிசாய்த்தலும், உறவும் ஒரே ஒலியில் வந்து அமைந்தது எவ்வாறு என்பதை மொழிநூலார் ஆராயட்டும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு அச்சொல் நல்லதொரு வாயிலாக அமைகிறது. இணையம் என்னும் புதிய கருவி நம்முடைய அறியும் ஆவலை என்ன செய்திருக்கிறது, நம்முடைய உறவுகளை என்ன செய்திருக்கிறது என்பதே அப்பொருள்.

இணையத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். உலக அறிவு முழுவதும் உள்ளங்கையில் வந்துவிட்டது என்று ஒரு சாரார் மகிழ்கின்றனர். மக்கள் சிந்திப்பதை மறந்தனர், அண்டை வீட்டாரையும் மறந்தனர் என்று மற்றொரு சாரார் வருந்துகின்றனர். இரு கட்சியாரும் தம் கூற்றுக்குச் சான்று காட்டவல்லவர்களே. ஆகவே, எந்தக் கட்சியிலும் உடனே சேர்ந்துவிடாமல், நிகழ்ந்தவை சிலவற்றை எடுத்து நோக்குவோம்.

இணையம் பிறந்த கதை சுவையானது. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், சார்லி கிளைன் என்ற மாணவர் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தார். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் மற்றொரு கணிப்பொறி இருந்தது. 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அங்கே அனுப்ப அவர் முயன்றார். முதல் எழுத்து சென்றது. இரண்டாவது எழுத்தும் சென்றது. மூன்றாவது எழுத்தில் எதிர்முனைக் கணிப்பொறி செயலிழந்தது. அதனைச் சீராக்கிய பின்னரே முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது. அந்த நேரத்தில் இரு முனைகளிலும் இருந்தவர்கள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "எழுத்து வந்ததா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தனர். பொறிகள் பேசத் தொடங்கிய முதல் இரவிலேயே, அவற்றின் பக்கத்தில் இரண்டு மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள அணு ஆராய்ச்சிக் கழகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் பணியாற்றி வந்தார். பல நாட்டு அறிவியலார் அங்கே வருவர். சில ஆண்டுகள் ஆராய்வர். பிறகு தம் நாட்டுக்குத் திரும்புவர். அவர்கள் எழுதி வைத்த குறிப்பு எங்கே, யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. இக்குறையைப் போக்க, ஒரு குறிப்பிலிருந்து அதனோடு தொடர்புடைய மற்றொரு குறிப்புக்கு நேரே தாவிச் செல்லும் ஒரு முறையை அவர் 1989-ஆம் ஆண்டில் வகுத்துரைத்தார். அதுவே பின்னர் உலகளாவிய வலை என்று பெயர் பெற்றது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், யாரும் கட்டணமின்றி அதனைப் பயன்படுத்தலாம் என்று அக்கழகம் அறிவித்தது. இந்தியாவில் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் முதல் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு கிடைக்கலாயிற்று.

இது வேலை செய்யும் வகையை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு நீண்ட கடிதத்தைப் பல துண்டுகளாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டையும் ஓர் அஞ்சலட்டையில் ஒட்டி, ஒவ்வோர் அட்டையிலும் முகவரியையும் வரிசை எண்ணையும் எழுதி அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டை திருச்சி வழியாகப் போகலாம். மற்றொன்று சேலம் வழியாகப் போகலாம். பெறுபவர் வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொண்டால் முழுக் கடிதமும் கிடைத்துவிடும். இணையம் செய்திகளை இவ்வாறே துண்டு துண்டாக அனுப்பிச் சேர்க்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் இது முடிந்துவிடுவதால்தான், வினா எழுந்த மறுகணமே விடை வந்து நிற்கிறது. அந்த விரைவே நன்மைக்கும் தீமைக்கும் காரணம் என்பதை இனிக் காண்போம்.

முதலில் அறியும் ஆவலை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய டேனியல் பெர்லைன் என்னும் உளவியல் அறிஞர், மனிதனுடைய ஆவலை இரண்டாகப் பகுத்தார். புதியது எதையேனும் பார்க்கவேண்டும், பொழுது போகவேண்டும் என்று அங்குமிங்கும் திரிவது ஒரு வகை. குறித்த ஒன்றை அறிந்தே தீரவேண்டும் என்று ஒரே இடத்தில் ஊன்றி நிற்பது மற்றொரு வகை. முன்னதை அலையும் ஆவல் என்றும், பின்னதை ஆழும் ஆவல் என்றும் நாம் கூறலாம். வண்டு பல மலர்களை நாடுவது போன்றது முதல் வகை. கிணறு வெட்டுபவன் ஓரிடத்திலேயே தோண்டுவது போன்றது இரண்டாம் வகை. வாழ்க்கைக்கு இரண்டும் வேண்டும்.

இணையம் அலையும் ஆவலுக்கு எவ்வளவு இடம் தந்தது என்பதைக் காட்ட ஒரு வேடிக்கையான நிகழ்ச்சி உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் காப்பி காய்ச்சும் பாத்திரம் ஒன்று இருந்தது. வேறு மாடிகளில் பணிபுரிந்தவர்கள் படியிறங்கி வந்து பார்த்தால், பல வேளைகளில் அது காலியாக இருக்கும். வீண் நடையைத் தவிர்ப்பதற்காக 1991-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு படக்கருவியை அப்பாத்திரத்தின் எதிரே நிறுத்தினர். பாத்திரத்தில் காப்பி இருக்கிறதா என்பதைத் தத்தம் மேசையிலிருந்தே பார்த்துக்கொண்டனர். 1993-ஆம் ஆண்டில் அப்படத்தை உலகளாவிய வலையிலும் இணைத்தனர். பிறகு நடந்தது அவர்களே எதிர்பாராதது. எங்கோ ஒரு நாட்டில் உள்ள ஒரு பாத்திரத்தில் காப்பி இருக்கிறதா, இல்லையா என்று பார்க்க, உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்தவண்ணம் இருந்தனர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அக்கருவி நிறுத்தப்பட்டபோது அது செய்தித்தாளில் இடம்பெறும் செய்தியாயிற்று. ஒரு வாய்க் காப்பியும் தமக்குக் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்தும் மக்கள் எட்டிப்பார்த்தனர். சன்னல் திறந்திருந்தால் எட்டிப்பார்ப்பது மனித இயல்பு. இணையம் கோடிக்கணக்கான சன்னல்களை ஒரே நேரத்தில் திறந்துவிட்டது.

இனி ஆழும் ஆவலுக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டில் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க அறிஞர், ஆவல் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார். நாம் அறிந்ததற்கும் அறிய விரும்புவதற்கும் இடையே ஒரு வெற்றிடம் இருக்கிறது. அந்த வெற்றிடம் நம் கண்ணில் படும்போது மனம் அரிக்கிறது. அந்த அரிப்பே ஆவல் என்பது அவர் கருத்து. ஒன்றைப் பற்றி எதுவுமே தெரியாதவனுக்கு அதில் ஆவல் எழுவதில்லை. எல்லாம் தெரியும் என்று நினைப்பவனுக்கும் எழுவதில்லை. சிறிது தெரிந்து, மிச்சம் தெரியவில்லை என்பதை உணர்ந்தவனுக்கே அது எழுகிறது. துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயம் கிழிந்துபோயிருந்தால் நாம் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

இவ்விளக்கம் உண்மையாயின், இணையத்தைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விடை உடனே கிடைத்துவிடுகிறதே, அதனால் அந்த வெற்றிடம் நிரம்புகிறதா, அல்லது நிரம்பிவிட்டதாக ஒரு தோற்றம் மட்டும் உண்டாகிறதா?

இதனை ஆராய்ந்தவர்கள் சிலர் உண்டு. 2011-ஆம் ஆண்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்சி ஸ்பாரோ என்பவரும் அவருடைய தோழர்களும் சில சோதனைகளின் முடிவை வெளியிட்டனர். தீக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது என்பது போன்ற சிறு செய்திகளை மாணவர்களிடம் கொடுத்துக் கணிப்பொறியில் தட்டெழுதச் செய்தனர். இச்செய்திகள் கணிப்பொறியில் சேமித்து வைக்கப்படும் என்று சிலரிடம் கூறினர். அழிக்கப்பட்டுவிடும் என்று வேறு சிலரிடம் கூறினர். அழிந்துவிடும் என்று நம்பியவர்கள் செய்திகளை நன்றாக நினைவில் வைத்திருந்தனர். பொறியிலேயே இருக்கும் என்று நம்பியவர்கள் அவ்வளவாக வைத்திருக்கவில்லை. மற்றொரு சோதனையில், செய்தியைக் காட்டிலும் அது சேமித்து வைக்கப்பட்ட இடத்தைப் பலர் நன்றாக நினைவில் வைத்திருந்தனர். இந்த ஆராய்ச்சியின் வேறொரு பகுதி பிற்காலத்தில் மறுமுறை சோதித்தபோது உறுதிப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும், எழுதி வைத்ததை மனத்தில் சுமக்கவேண்டியதில்லை என்று நினைப்பது மனித இயல்பே. வீட்டுக் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்கவில்லையா? இதனை நான் பெருங்கேடாகக் கருதவில்லை.

என்னைச் சிந்திக்கச் செய்தது வேறோர் ஆராய்ச்சி. 2015-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் அதனை வெளியிட்டனர். சட்டைகளிலும் பைகளிலும் உள்ள ஜிப் எவ்வாறு வேலை செய்கிறது என்பது போன்ற வினாக்களுக்குச் சிலரை இணையத்தில் விடை தேடச் சொன்னார்கள். வேறு சிலரை இணையத்தைத் தொடாமல் விடையளிக்கச் சொன்னார்கள். பிறகு இரு சாராரிடமும், முன்னைய வினாக்களோடு சிறிதும் தொடர்பில்லாத வேறு வினாக்களைக் காட்டினார்கள். மேகம் மூடிய இரவு ஏன் வெப்பமாக இருக்கிறது என்பது அத்தகைய வினாக்களில் ஒன்று. இவற்றை நீங்களாகவே எவ்வளவு நன்றாக விளக்கவல்லீர்கள் என்று கேட்டபோது, சற்றுமுன் இணையத்தில் தேடியவர்கள் தம் அறிவை மற்றவர்களைவிட உயர்வாக மதிப்பிட்டுக்கொண்டனர். தேடியபோது தக்க விடை கிடைக்காதவர்களிடத்தும் இந்த உயர்வு எண்ணம் காணப்பட்டது. பொறியில் உள்ள அறிவைத் தம் தலையில் உள்ள அறிவாக அவர்கள் எண்ணிக்கொண்டனர் என்பது ஆராய்ந்தோர் முடிவு.

நேயர்களே, நோக்கவேண்டிய இடம் இதுதான். தெரியாது என்ற உணர்விலேதான் ஆவல் பிறக்கிறது என்று கண்டோம். தெரியும் என்ற பொய்யுணர்வு வந்துவிட்டால் ஆவலின் வேரில் வெந்நீர் ஊற்றியது போலாகும். வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். ஐயம் ஏதேனும் உண்டா என்று கேட்டால், முன்னெல்லாம் மாணவர் சிலர் தயங்கித் தயங்கி எழுந்திருப்பர். அவர்கள் கேட்கும் வினா சில வேளைகளில் பாடத்தை விட்டு நெடுந்தூரம் விலகிச் செல்லும். வகுப்பு முழுவதும் அதன் பின்னே சென்று, யாரும் எதிர்பாராத ஒரு நல்ல செய்தியோடு திரும்பி வரும். பிற்காலத்தில் பலரும் மௌனமாக இருந்தனர். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அவர்கள் முகத்தில் தெரிந்தது. பிறகு பார்த்தவர் எத்தனை பேரோ! பார்த்தவர்களுக்கும் தாம் கேட்ட வினாவுக்கு விடை கிடைத்திருக்கும். கேட்கத் தோன்றாத வினா கிடைத்திராது.

விடைக்காகக் காத்திருந்த காலம் வீண்காலம் அன்று என்பதற்கு நம் நாட்டிலேயே பெரியதொரு சான்று உண்டு. 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் அவர்களைச் சேலம் இராமசுவாமி முதலியார் சந்தித்து, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்த ஒரு வினா ஐயரவர்கள் வாழ்வின் போக்கையே மாற்றிவிட்டது. ஏட்டுச் சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபோது, அதில் வரும் சைன சமயச் செய்திகள் அவருக்கு விளங்கவில்லை. விளக்கம் தரும் அச்சு நூலும் அன்று இல்லை. ஆகவே, கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார். சைவ மடத்தில் பயின்ற ஒருவர், சைனர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மாணவராகக் கேட்டார். ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887-ஆம் ஆண்டில் அந்நூல் அச்சாகி வெளிவந்தது. அதன் உரையில் மேற்கோளாக வந்த அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடிச் சென்றபோதுதான், சங்க நூல்கள் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. விளங்காமை ஒரு வாயிலாயிற்று. அறிவைத் தேடிச் சென்றவருக்கு மனிதர்களும் கிடைத்தனர்.

இன்று அந்நூல்களைப் படிக்க விரும்புகிறவன் ஊர் ஊராகத் திரியவேண்டியதில்லை. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலறிஞர் கு. கலியாணசுந்தரம் அவர்கள் முதலானோர் முயற்சியால் மதுரைத் திட்டம் என்னும் பணி தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள், ஊதியம் எதுவும் பெறாமல், பழைய நூல்களைத் தட்டெழுதியும் ஒருவர் எழுதியதை மற்றொருவர் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினர். நூலகம் இல்லாத சிற்றூரில் இருக்கும் மாணவன்கூட இன்று புறநானூற்றைத் தன் கைப்பேசியில் திறந்து படிக்கலாம். இஃது எளிய செயலா? ஐயரவர்கள் இருந்திருந்தால் இப்பணியைக் கண்டு உளம் குளிர்ந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். இங்கும் ஒரு செய்தி கருதத்தக்கது. படிப்பவன் தனியாகப் படிக்கிறான். ஆனால் அவனுக்கு அந்நூலைக் கொடுத்தவர்கள் கூடி உழைத்தவர்கள். ஒருவரை ஒருவர் பாராமலே ஒரு தொழிலில் ஒன்றிய அந்தக் கூட்டுறவை உண்டாக்கியது இணையமே.

இத்தகைய கூட்டுறவு என்னவெல்லாம் செய்யவல்லது என்பதற்கு விண்ணியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர்களிடம், தொலைநோக்கி எடுத்த விண்மீன் திரள்களின் படங்கள் ஏறத்தாழ 10 இலட்சம் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு திரளும் சுருள் வடிவமா, நீள்வட்ட வடிவமா என்று பிரிக்கவேண்டும். அக்காலத்துக் கணிப்பொறிகளைவிட மனிதர் கண் அதனைத் திறமையாகச் செய்யும். ஆனால் ஒருவரோ இருவரோ செய்து முடிக்கும் வேலையன்று. ஆகவே, 2007-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அப்படங்களை இணையத்தில் வைத்து, விரும்புவோர் பார்த்துச் சொல்லலாம் என்று அழைத்தனர். அதற்குக் 'கேலக்சி சூ' என்று பெயரிட்டனர். யார் வருவார் என்று எண்ணியிருந்தனரோ, அறியோம். முதல் ஆண்டிலேயே ஒன்றரை இலட்சம் பேர் வந்து, 5 கோடி முறை படங்களைப் பார்த்து வகைப்படுத்தித் தந்தனர்.

அவர்களுள் ஒருவர் ஹன்னி வான் ஆர்கெல் என்னும் டச்சு நாட்டுப் பள்ளி ஆசிரியை. ஒரு படத்தில், விண்மீன் திரள் ஒன்றின் அருகே விளங்காத ஒளித்திட்டு ஒன்று இருப்பதை அவர் கண்டார். மற்றவர்கள் அதனைக் கடந்து சென்றிருக்கலாம். அவர் நின்றார், இது என்ன என்று கேட்டார். விண்ணியலாருக்கும் விடை தெரியவில்லை. பெருந்தொலைநோக்கிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, அது மாபெரும் வாயு முகில் என்று தெரிந்தது. பக்கத்துத் திரளின் நடுவே ஒரு காலத்தில் பேரொளியோடு விளங்கிய குவேசர் ஒன்று மங்கிவிட்டது. அது முன்னர் வீசிய ஒளியால் அம்முகில் இன்னும் ஒளிர்கிறது. அணைந்த விளக்கின் ஒளி எதிர்ச் சுவரில் தங்கியிருப்பதைக் கண்டது போன்றது இது. டச்சு மொழியில் 'பொருள்' எனப் பொருள்படும் சொல்லைச் சேர்த்து, 'ஹன்னியின் வூர்வெர்ப்' என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. ஆசிரியைக்கு இருந்த கருவி எல்லோரிடமும் இருந்ததே. அலையும் ஆவல் அவரைப் படங்களுக்கு இடையே கொண்டு சென்றது. ஆழும் ஆவல் ஒரு படத்தில் நிறுத்தியது. கேட்டபோது செவிசாய்க்க மறுமுனையில் அறிஞர்கள் இருந்தனர்.

இதுவரை கேள்வியைப் பார்த்தோம். இனிக் கேண்மையைப் பார்ப்போம். முகம் காணாத இருவரிடையே உண்மையான நட்பு உண்டாகுமா என்று பலர் ஐயுறுகின்றனர். தமிழர் இவ்வாறு ஐயுறக் காரணம் இல்லை. உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை; ஆயினும் உயிர் நண்பராயினர். சோழன் வடக்கிருந்து உயிர்நீக்கத் துணிந்தபோது, தன் நண்பர் வருவார் என்று அவருக்கும் இடம் ஒதுக்கச் சொன்னான். புலவரும் வந்து சேர்ந்தார் என்று புறநானூறு நமக்கு அறிவிக்கிறது. காணாமலே நட்புக் கொள்ளலாம் என்பதற்கு இது சான்று. அதே வேளையில், வேண்டிய நேரத்தில் புலவர் நடந்து வந்தார் என்பதையும் மறத்தல் ஆகாது. தொலைவில் இருந்தபடியே இரங்கற் செய்தி ஒன்று அனுப்பியிருந்தால் அக்கதையை நாம் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

இக்காலத்து நிலையை அளந்தறிய முயன்றவர்களுள் ராபர்ட் கிராவுட் என்ற அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் குறிப்பிடத்தக்கவர்கள். பிட்ஸ்பர்க் நகரில் 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேரை, அவர்கள் இணையத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் தொடர்ந்து கவனித்து, 1998-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் வீட்டாருடன் பேசுவது சிறிது குறைந்தது. நட்பு வட்டம் சிறிது சுருங்கியது. தனிமையும் மனச்சோர்வும் சிறிது கூடின. இச்செய்தி அந்நாளில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால் அதே குழுவினர், அக்குடும்பங்களை மீண்டும் ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. முன்னர்க் கண்ட தீமைகளிற் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. புதிதாக ஆராய்ந்த மற்றொரு குழுவில் நன்மைகளே மிகுதியாகத் தெரிந்தன. ஆயினும் அந்நன்மை எல்லோருக்கும் ஒரே அளவாக இல்லை. இயல்பாகவே பிறருடன் கலந்து பழகுவோர் இணையத்தால் மேலும் உறவு பெற்றனர். ஒதுங்கி வாழும் இயல்பினருக்கு அத்தகைய பயன் கிடைக்கவில்லை. உள்ள இடத்திலேயே செல்வம் மேலும் சேரும் என்ற உலக வழக்கு உறவுக்கும் பொருந்துவதை அவர்கள் கண்டனர்.

இம்முடிவை நம் தெருவிலும் காணலாம். எங்கள் பகுதியில் ஒரு மூதாட்டி இருக்கிறார். அவர் மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறான். முன்னாளில் அவன் எழுதிய கடிதம் பல நாள் கழித்து வரும். அதனைப் படித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேடவேண்டும். இன்று மாலைதோறும் பேரக்குழந்தையின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பேசுகிறார். அவருக்கு இணையம் உறவை வளர்த்தது. அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் நால்வர் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கின்றனர். நால்வர் கையிலும் நான்கு கைப்பேசிகள். அங்கே இருந்த பேச்சு குறைந்துவிட்டது. கருவி இரு வீட்டிலும் ஒன்றுதான். மூதாட்டி தமக்கு வேண்டிய ஒருவரைத் தேடி அதனைத் திறக்கிறார். எதிர்வீட்டார் யாரையும் தேடாமல் திறக்கின்றனர்.

உறவும் கேள்வியும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை நகரம் ஒரு முறை கண்டது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, ஒருவரையொருவர் அறியாத இளைஞர்கள் இணையத்தின் வழியே ஒன்றுகூடினர். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, யார் மாடியில் சிக்கியிருக்கிறார், எங்கே படகு இருக்கிறது, எங்கே உணவு இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தொகுத்தனர். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்கள்கூட அச்செய்திகளைச் சரிபார்த்துத் தந்தனர். உள்ளூரில் இருந்தவர்கள் இடுப்பளவு நீரில் நடந்து சென்று உதவினர்.

உறவு இருந்து கேள்வி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்நாடு கண்டது. அதனைச் சொல்ல நா கூசுகிறது. ஆயினும் சொல்லாமல் விடுவது முறையன்று. 2018-ஆம் ஆண்டில், குழந்தை கடத்துவோர் ஊருக்குள் திரிகின்றனர் என்ற பொய்ச்செய்தி கைப்பேசிகளின் வழியே நாட்டின் பல பகுதிகளில் பரவியது. அந்த மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கென்று குடும்பத்தாருடன் சென்ற முதிய பெண்மணி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவரைக் கடத்தல்காரி என்று கருதிய கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அந்தப் பொய்ச்செய்தியை அனுப்பியவர்கள் பகைவர்கள் அல்லர். உறவினர், நண்பர், ஒரே ஊரார். குழந்தைகள் மேல் கொண்ட அன்பினாலேயே அதனை ஒருவருக்கொருவர் அனுப்பினர். இது யார் சொன்ன செய்தி, எங்கே நடந்தது, குழந்தையை இழந்த பெற்றோர் யார் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். "பாட்டி, நீங்கள் எந்த ஊர்?" என்று அக்கூட்டத்தில் ஒருவர் அன்போடு கேட்டு, விடையைப் பொறுமையாகச் செவிமடுத்திருந்தாலும் ஓர் உயிர் பிழைத்திருக்கும். அவ்வாண்டு ஜூலை மாதத்தில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்பமுடியாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு வரம்பு விதித்தது. பொறிக்கு வரம்பு கட்டலாம். கேட்கும் பழக்கத்தை மனிதருக்குப் பொறி தரமுடியாது.

ஆகவே, இணையம் ஆவலை வளர்த்ததா, அழித்ததா, உறவைப் பெருக்கியதா, சுருக்கியதா என்று ஒரே சொல்லில் விடை கூறுவதற்கில்லை. நின்று கேட்பவனுக்கு அது வானத்தையே திறந்து காட்டியது. நில்லாது ஓடுபவனுக்கு அறிந்த மயக்கத்தைத் தந்தது. உறவை நாடியவனுக்குக் கடலைச் சுருக்கியது. நாடாதவனுக்குக் கூடத்தையே பெரிதாக்கிவிட்டது. கேள்வியும் கேண்மையும் பிரிந்து நின்ற இடங்களில் தீமை விளைந்தது. சேர்ந்து நின்ற இடங்களில் நன்மை விளைந்தது.

நாம் என்ன செய்யலாம்? பெரிய நோன்பு எதுவும் வேண்டியதில்லை. ஒரு வினா எழுந்தவுடன் கைப்பேசியை எடுப்பதற்கு முன், விடை இதுவாக இருக்கலாம் என்று நாமே சிறிது நேரம் எண்ணிப் பார்க்கலாம். எண்ணிப் பார்த்தவனுக்கே தனக்குத் தெரியாத இடம் எது என்று தெரியும். ஒரு செய்தி வந்தவுடன் அதனைப் பிறருக்கு அனுப்புவதற்கு முன், இதனைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பொறியிடம் கேட்டு அறியத்தக்க செய்தியையும் வாரத்துக்கு ஒரு முறையேனும் மனிதர் ஒருவரிடம் போய்க் கேட்கலாம். மழை வருமா என்று ஓர் உழவரைக் கேளுங்கள். பழைய ஊர்ப்பெயரின் காரணத்தை ஒரு முதியவரைக் கேளுங்கள். பொறி தரும் விடையைக் காட்டிலும் அவர் தரும் விடை குறைவாக இருக்கலாம். சில வேளைகளில் தவறாகவும் இருக்கலாம். அதனைச் சரிபார்த்துக்கொள்ள இணையம் இருக்கவே இருக்கிறது. ஆனால் கேட்கப்பட்டவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியையும், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று அவர் திருப்பிக் கேட்கும் கேள்வியையும் நீங்கள் பெற்று வருவீர்கள். வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியரையும் அவ்வாறு கேட்கப் பழக்குங்கள்.